ஓடைப் பள்ளமும் உச்சிக்கிளைச் சங்கமும்

நாவல் காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்கு இரண்டு குட்டிகள். காட்டின் நடுவே இருந்த செம்மண் மேட்டில் வளை தோண்டி, தாயும் குட்டிகளும் நிம்மதியாக வாழ்ந்து வந்தன.

மேட்டுக்குக் கீழே ஒரு பள்ளம். கோடையில் அது வெறும் மணல். மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்குகிற ஓடை அந்த வழியாகத்தான் போகும். அதனால் அங்கே யாரும் குடியிருப்பதில்லை. அது யாரும் போட்ட சட்டம் இல்லை. அந்த இடம் தண்ணீருக்கு உரியது என்று எலிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும்.

தெரியாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் மேலே இருந்தார்கள்!

காட்டிலேயே உயரமான இலவ மரத்தின் உச்சியில் பருந்துகள் ஒரு சங்கம் வைத்திருந்தன. வனத் திட்டச் சங்கம் என்று பெயர். காட்டில் உள்ள ஒவ்வொரு பஞ்சாயத்திலும் எந்த இடத்தில் யார் குடியிருக்கலாம், எங்கே மேயலாம், எதைச் சும்மா விட வேண்டும் என்று கொள்கை வகுத்துக் கொடுப்பது அதன் வேலை. பஞ்சாயத்துத் தலைவர் சம்மதித்தால் போதும், அதுதான் சட்டம்.

நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? சித்திரை வெயிலில் வானத்தில் ஒரு வட்டம் அடித்தார்கள். அவ்வளவுதான்! ஒருவர் காலும் மண்ணில் படவில்லை.

"அதோ பாரு, எவ்வளவு பெரிய காலி இடம்!" என்றது சங்கத் தலைவரான பெரிய பருந்து, மணல் பள்ளத்தைப் பார்த்து. "தோண்டறதுக்கு மெத்துனு இருக்கும். வளையில வாழுற எல்லாத்தையும் அங்க குடி வச்சிடலாம்!"

"அப்ப அந்தச் செம்மண் மேடு?" என்று கேட்டது இன்னொரு பருந்து.

"நல்ல உயரம், நல்ல காத்து. நாம வந்து உக்கார ஆகும். காட்சி மேடுன்னு பேரு வை!"

திட்டம் தயார். பிறகு ஊரறிய ஓர் அறிவிப்பு. ஆட்சேபணை உள்ளவர்கள் அமாவாசைக்குள் இலவ மரத்து உச்சிக்கு நேரில் வந்து சொல்லலாமாம்!

முயல் மரம் ஏறுமா? நண்டு ஏறுமா? அதுவும் அடிமரம் முழுக்க முள் இருக்கிற இலவ மரம்! இதற்குப் பெயர் கருத்துக் கேட்பாம். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

முள்ளம்பன்றி நேராகப் பஞ்சாயத்துத் தலைவரிடம் போனது. தலைவர் ஓர் உடும்பு. மண்ணிலும் ஓடும், மரத்திலும் ஏறும்.

"தலைவரே, இது அநியாயம்! பள்ளத்துல தண்ணி வரும்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்க பொறந்ததே அந்த ஓடைக்கரையிலதானே!"

"தெரியும் தாயி, நல்லாத் தெரியும்."

"அப்ப மேல போய்ச் சொல்லுங்க. எங்களால ஏற முடியாது. உங்களால முடியும். எங்க எல்லாருக்குமா சேத்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்!"

"இதென்ன பெரிய காரியம்! நான் பாத்துக்கறேன். நீ போய்க் குட்டிகளைக் கவனி!" என்று மார்தட்டிச் சொன்னது உடும்பு.

சொன்னபடி மரமும் ஏறியது. உச்சியில் அதற்குக் கிடைத்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே!

"வாங்க, வாங்க தலைவரே!" என்று எழுந்து நின்றது பெரிய பருந்து. நல்ல கிளையாகப் பார்த்து உட்கார வைத்தது. முன்னால் ஒரு கூடு நிறைய மைனா முட்டைகளை வைத்தது. மற்ற நாளில் பருந்தின் நிழலைக் கண்டாலே புதருக்குள் ஓடி ஒளிகிற ஆள் அந்த உடும்பு. அதற்குத் தலைகால் புரியவில்லை. ஒரு முட்டையை வாயில் போட்டது. இன்னொன்றையும் போட்டது.

"தலைவரே, உங்க பஞ்சாயத்துல ஆட்சேபணை ஏதாவது உண்டா?" என்று கேட்டது பருந்து.

உடும்பின் வாய் நிறைய முட்டை. பேச வேண்டுமானால் துப்ப வேண்டும். துப்பியிருக்கலாம்! அது துப்பவில்லை. இல்லை, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டியது.

"ஆட்சேபணை இல்லை! திட்டம் நிறைவேறியது!" என்று பருந்துகள் கூவின.

கீழே முள்ளம்பன்றி காத்துக்கொண்டிருந்தது. "சொல்லிட்டீங்களா தலைவரே?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சிருக்காங்க. அவங்க பார்வை பெருசு. நமக்கு என்ன தெரியும்?" என்றது உடும்பு. அதன் வாயோரத்தில் மஞ்சள் கரு ஒட்டிக்கொண்டிருந்தது.

முள்ளம்பன்றி மேட்டை விட்டு நகர மாட்டேன் என்றது. பருந்துகள் தாழப் பறந்து வந்து குட்டிகளைக் கொத்தின. வேறு வழியில்லாமல் அது பள்ளத்துக்கு இறங்கியது. மணலில் தோண்டத் தோண்டச் சரிந்தது. சரியச் சரிய மறுபடி தோண்டியது. மற்ற வளைப் பிராணிகளும் வந்து குடியேறின.

ஐப்பசி வந்தது. மலையில் மழை கொட்டியது. காட்டில் ஒரு துளி இல்லை. ஒரு நாள் காலையில் எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும்போது ஓடை தன் வழியில் வந்துவிட்டது!

முள்ளம்பன்றியால் ஒரு நேரத்தில் ஒரு குட்டியைத்தான் வாயில் கவ்விக்கொண்டு போக முடியும். "நீ இங்கயே இரு, இதோ வந்துடறேன்!" என்று ஒரு குட்டியிடம் சொல்லிவிட்டு, மற்றதைக் கவ்விக்கொண்டு மேட்டை நோக்கி ஓடியது.

மேட்டின் விளிம்பில் சங்கத்துக்காக உடும்பு காவல் நின்றது.

"நில்லு! இது காட்சி மேடு! இங்க குடியேற அனுமதி இல்ல!"

முள்ளம்பன்றி குட்டியைக் கீழே வைத்தது. "அடப் பாவி! தண்ணி வருது! இன்னொரு குட்டி உள்ள கெடக்கு! தள்ளு!"

"சங்கத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு வந்துடேன்!"

முள்ளம்பன்றி திரும்பி நின்றது. முட்களைச் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாகவே பாய்ந்தது. உடும்பு வாலில் முட்கள் குத்தி நிற்க, அலறிக்கொண்டு ஓடியது. குட்டியை மேட்டில் விட்டுவிட்டுத் தாய் பள்ளத்துக்கு விரைந்தது.

அங்கே வளை இல்லை. தண்ணீர்தான் இருந்தது. தொண்டை கட்டும்வரை கூப்பிட்டது. குட்டி வரவில்லை.

மேலே பருந்துகள் வட்டமடித்தன. "அட, புதுசா ஒரு ஏரி! எவ்வளவு அழகா இருக்கு! நம்ம திட்டத்துல சேத்துக்கங்க!" என்றது பெரிய பருந்து. நாசமாய்ப் போக!

வெள்ளம் வடிந்தது. தப்பிய பிராணிகள் எல்லாம் சேற்றில் கூடி நின்றன. உடும்பும் வந்தது.

"நான் என்ன பண்ணுவேன்? மேலிடத்துத் திட்டம். மழைக்கு நானா பொறுப்பு?" என்றது.

முள்ளம்பன்றி அதன் எதிரே போய் நின்றது.

"பருந்துக்குப் பள்ளம் தெரியாது. அது மரத்துல பொறந்தது. உனக்குத் தெரியும்! உன் காலு மரம் ஏறுற காலு, எங்க காலு மண்ணு தோண்டுற காலு. அதனாலதான் உன்னை அனுப்பினோம். என் புள்ளை உயிரு அன்னைக்கு உன் வாயில இருந்துச்சு. நீ அந்த வாயில முட்டையைப் போட்டு அடைச்சுக்கிட்ட!"

இப்போது உடும்பின் வாயில் முட்டை இல்லை. ஆனாலும் அன்றைக்குப் போலவே இல்லை, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டியது. பிராணிகள் அதைக் காட்டின் எல்லைவரை துரத்திவிட்டு வந்தன. பிறகு யாரிடமும் அனுமதி கேட்காமல் செம்மண் மேட்டில் ஏறி அவரவர் வளையைத் தோண்டத் தொடங்கின.

பெரிய பருந்து வானத்தில் வந்து கத்தியது. "இது காட்சி மேடு! எறங்குங்க! எங்களுக்கு ஆட்சேபணை இருக்கு!"

முள்ளம்பன்றி தோண்டுவதை நிறுத்தவில்லை. முட்கள் மட்டும் நிமிர்ந்து நின்றன.

"ஆட்சேபணை இருந்தா கீழ வா! அந்தப் பள்ளத்துச் சேத்துல, என் குட்டி போன எடத்துல உக்காந்து சொல்லு!"

பருந்து சுற்றிச் சுற்றி வந்தது. கடைசிவரை இறங்கவே இல்லை.

ஊருக்காகப் பேச அனுப்பப்பட்டவன் எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டால், தெரியாமல் திட்டம் போட்டவனைவிட அவனே பெரிய குற்றவாளி.