நரம்பன் வாயை மூடிய நாள்

ஒரு நாரத்தை மரத்தின் இலையடியில் கூட்டுப்புழு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் உடம்புக்குள், வெளிச்சம் எட்டாத ஓர் அறையில், மரபணுக்கள் குடியிருந்தார்கள். புழுவைப் பட்டாம்பூச்சி ஆக்குவது அவர்களுடைய உழைப்பு. ஆளுக்கொரு கட்டளை இருந்தது. அதை உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தூதர்கள் அதைக் கேட்டுக்கொண்டு வெளியே ஓடுவார்கள். வெளியே சதை அந்தச் சொல்லுக்கு ஏற்ப வளையும்.

சிறகுக்குள் ஓடும் நரம்புகளுக்குப் பொறுப்பாளி நரம்பன். நரம்பு இல்லாத சிறகு நனைந்த காகிதத்துக்குச் சமம். அது அவனுக்குத் தெரியும். மற்றவர்களும் அதை மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வான்.

"வெயிலில் பறப்பது உடம்பு. தேன் குடிப்பது உடம்பு. என்ன அழகு என்று பேர் வாங்குவதும் உடம்பு. இந்த இருட்டில் தொண்டை கிழியக் கத்துகிற நமக்கு என்ன கிடைத்தது?" கூட்டம் கூடும்போதெல்லாம் நரம்பன் இதைத்தான் கேட்பான். நியாயமான கேள்வி. அவன் வைத்த கோரிக்கையும் ஒன்றே ஒன்றுதான். எந்தக் காரியத்தில் இறங்கினாலும் உடம்பு முதலில் நம்மைக் கேட்க வேண்டும்.

உடம்பு கேட்கவில்லை. சிறகு முளைக்கும் நேரம் வந்ததும் நரம்பன் எழுந்து நின்றான்.

"நான் வாயை மூடப் போறேன். யாரும் என்கூட வர வேண்டாம். நான் ஒருத்தன் போதும். சிறகு எப்படி வருதுன்னு பார்க்கலாம். உடம்பு தானா வந்து என் கால்ல விழும்."

"கால்ல விழணும்னா உங்களுக்குக் கால் இருக்கணுமே, தலைவரே," என்றான் செதிலப்பன். சிறகின்மேல் பொடிப்பொடியாகச் செதில் ஒட்டுவது அவன் வேலை. வாய்த் துடுக்கு அவனுக்குப் பிறவிக்குணம்.

"சிரிங்க. நாளைக்கு எல்லாரும் அழுவீங்க," என்று சொல்லிவிட்டு நரம்பன் கட்டளையை நிறுத்தி வாயை மூடினான்.

வெளியிலிருந்து கூக்குரல் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. அவ்வழியே ஓடிய ஒரு தூதனைப் பிடித்து நிறுத்தினான்.

"வெளியே நிலைமை என்ன?"

"எந்த நிலைமைங்க?"

"சிறகு."

"அது முடியப் போகுதுங்க. நரம்பெல்லாம் நல்லா ஓடியிருக்கு. ஒரு கோணல் கிடையாது."

தூதன் போன பிறகும் அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"நான் நிறுத்தின வேலையைச் செய்யற அந்தக் கருங்காலி யார்?"

அப்போதுதான் ஒரு குரல் அவனுக்குக் கேட்டது. மூலையிலிருந்து வந்தது. அவன் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அதே கட்டளை, எழுத்துக்கு எழுத்து அப்படியே.

மூலையில் இருந்தவன் நகலன். எந்தக் காலத்திலோ, ஏதோ ஒரு முட்டையில், படியெடுக்கும்போது கைதவறி நரம்பனை இரண்டு தடவை எழுதிவிட்டார்கள். இரண்டாவதாக விழுந்தவன் இவன். அன்றிலிருந்து ஒரு சொல் பேசியதில்லை. ஊமை என்றும் தண்டச்சோறு என்றும் நரம்பன் அவனைப் பல கூட்டங்களில் பேர் சொல்லியே ஏசியிருக்கிறான்.

"நீ ஊமை இல்லையா?"

"இல்லண்ணே."

"இத்தனை தலைமுறையா ஏன் பேசல?"

"நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க. நீங்க கட்டளை சொல்ற குரல் காதுல விழுந்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் எனக்கு வாய் திறக்காது. என் அமைப்பே அப்படி. உங்க சத்தம் நின்னுச்சு, வாய் தானா திறந்துடுச்சு. நான் யார்கிட்டேயும் விலை போகலண்ணே."

வாயில்லாதவர்களுக்காகத் தொண்டை வற்றப் பேசியவன் நரம்பன். பேசிய ஒவ்வொரு பொழுதும் பக்கத்தில் ஒருத்தனின் வாயை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"இப்படி ஒரு ஏற்பாட்டைச் செஞ்சது யார்? எந்த முதலாளி?" என்று மெல்லக் கேட்டான்.

"முதலாளியும் இல்ல, மேஸ்திரியும் இல்ல," என்றான் செதிலப்பன். "ஒரே ஒருத்தரை நம்பியிருந்த முட்டைங்களும் ஒரு காலத்துல இருந்துச்சு, தலைவரே. படியெடுக்கிறப்போ எழுத்து உதிரும். வெயில் சுட்டாலும் உதிரும். இன்னார் மேலதான் விழும்னு கிடையாது. அந்த ஒருத்தர் மேல விழுந்த அன்னிக்குச் சிறகு இல்ல. சிறகு இல்லாததால ஜோடி இல்ல, முட்டை இல்ல. வம்சமே அத்தோட சரி. ஒருத்தர் சாய்ஞ்சா பக்கத்துல இருக்கிறவர் தோள் குடுக்கிற மாதிரி எதேச்சையா அமைஞ்சதுங்க மட்டும் தப்பிச்சுது. அதுங்களோட பிள்ளைங்கதான் நாம. செத்ததெல்லாம் போக மிச்சம் நின்னதுதான் இந்த ஏற்பாடு."

நரம்பன் திகைத்து உட்கார்ந்துவிட்டான். ஒற்றுமை என்பது கூட்டம் போட்டு, துண்டறிக்கை கொடுத்து, ஒவ்வொருத்தராக இழுத்து வந்து கட்டுவது என்று நம்பியிருந்தான். இங்கே கொடி இல்லை, சந்தா இல்லை, தலைவன் இல்லை. பிணங்கள் கட்டிக் கொடுத்த சங்கம் ஒன்று அவன் காலடியிலேயே இருந்திருக்கிறது. அதில் அவனும் ஓர் உறுப்பினன். அவன் விழுந்தாலும் அது அசையாது.

அந்தக் கடைசி நினைப்புதான் அவனைச் சுட்டது.

"சரி. நகலனே பார்த்துக்கட்டும். நான் இனிமே பேசறதா இல்லை."

வேலைநிறுத்தம் அந்த இடத்தில் வீம்பாக மாறிவிட்டது. கோரிக்கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவனுக்கும் அது நினைவில் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பொட்டழகி அவனிடம் வந்தாள். பின்சிறகின் நுனியில் கண் போன்ற ஒரு பொட்டு இடுபவள். பறவைகள் அதை நிஜக் கண் என்று நம்பி அங்கே கொத்தும். சிறகின் ஓரம் கிழியும், உயிர் தப்பிவிடும்.

"அண்ணே, பொட்டு விழல," என்றாள்.

"உன் வேலை அது. என்கிட்ட ஏன் வர்றே?"

"எனக்குக் கட்டளைக் குரல் போய் எத்தனையோ தலைமுறை ஆச்சு. ஏதோ ஒரு முட்டையில பாதி எழுத்து உதிர்ந்துடுச்சு. நான் சும்மா வாயை அசைக்கிறதோட சரி. நீங்க நரம்புக்குக் கத்துறப்போ அந்தச் சத்தம் சிறகு நுனி வரைக்கும் போய் இடிக்கும். அந்த அதிர்வுலதான் இத்தனை நாளும் பொட்டு விழுந்துச்சு."

"உன் வேலையை நான் செஞ்சேனா?"

"ஆமா."

"எனக்கே தெரியாமலா?"

"நகலண்ணன் மட்டும் தெரிஞ்சா வாய் திறந்தாரு?"

நரம்பன் மூலையைப் பார்த்தான். "அவன்தான் கத்துறானே. அதே கட்டளைதானே."

"அவர் சத்தம் நரம்புக்குப் போதும். நுனி வரைக்கும் எட்டல."

"இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"எங்கே சொல்லச் சொல்றீங்க? எல்லாக் கூட்டத்துலயும் கடைசி வரைக்கும் நீங்கதானே பேசினீங்க."

செதிலப்பன் சிரிக்கவில்லை. தன் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு அறையில் இருந்த ஒவ்வொருவரும் அவரவர் தொண்டையைத் தடவிப் பார்த்தார்கள். ஒருவனுக்குக் கட்டளையின் முதல் வரி இல்லை. ஒருத்திக்கு நடுவில் ஓட்டை. பழுதில்லாத ஆள் என்று அந்த அறையில் ஒருவர்கூட இல்லை. யார் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்பதும் ஒருவருக்கும் தெரியவில்லை. இத்தனை உடைசல்களிலிருந்தா தலைமுறைதோறும் குறையில்லாத சிறகு போய்க்கொண்டிருந்தது?

நரம்பன் எழுந்தான். வாழ்நாளில் எந்த மேடையிலும் கத்தாத அளவுக்குக் கத்தினான். நகலனின் வாய் தானாக மூடிக்கொண்டது. கட்டளையைத் தூக்கிக்கொண்டு தூதர்கள் ஓடினார்கள். ஓடிய வேகத்திலேயே திரும்பி வந்தார்கள்.

"கூடு வெடிச்சிடுச்சுங்க," என்றான் முன்னால் வந்தவன். "சிறகு விரிஞ்சு காய்ஞ்சுடுச்சு. இனிமே அதுல ஒரு புள்ளிகூட வைக்க முடியாது."

"வைக்கணும். போ," என்றான் நரம்பன். மறுபடி கத்தினான். போக இடமில்லாமல் தூதர்கள் அவனைச் சுற்றி நின்றார்கள்.

உடம்பு யாரையும் கேட்கவில்லை. இலை நுனிக்கு நடந்து வந்தது, வெயிலில் ஒரு தடவை சிறகை விரித்துப் பார்த்தது, பறந்தது. வயிற்றில் முட்டைகளுக்கு இடம் வைத்திருந்தது. நரம்புகள் ஒவ்வொன்றும் விறைத்து நின்று காற்றைத் தாங்கின. அந்த வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது.

எதிரே மின்கம்பியில் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தது. பொட்டில்லாத பட்டாம்பூச்சியை நுனியிலிருந்து நுனிவரை ஒருமுறை பார்த்தது. குறிவைக்க அதற்குத் தலை மட்டும்தான் இருந்தது.