இரண்டு விசில்களுக்கு நடுவே

முதல் விசில் நீளமாக இருக்கும். அதற்குப் பிறகு ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றும் இல்லாத இடத்தில் செருப்புச் சத்தம் மட்டும் படியிறங்கி வரும். பிறகுதான் இரண்டாவது விசில், குட்டையாக, மன்னிப்புக் கேட்பதுபோல. பதினோரு வருடம் காலை மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு வயதாகிவிட்டது. அந்த இடைவெளிக்கு ஆகவில்லை.

நகரம் அப்போதே நாலாபுறமும் கைகாலை நீட்டிவிட்டிருந்தது. ஆற்றோரக் குடிசைகளில் இருந்தவர்களை லாரிகளில் ஏற்றிக் கொண்டுபோய், தென்கோடியில் எழில்மேடு என்று பெயர் வைத்த அடுக்குமாடிகளில் குடியமர்த்தினார்கள். வீடு அங்கே, வேலை பழைய இடத்திலேயே. எழில்மேட்டின் முதல் பஸ் ரயில் நிலைய வாசலுக்கு 6.40க்கு வரும். ரயிலும் 6.40க்குப் புறப்படும். காகிதத்தில் இரண்டும் அழகாகச் சந்தித்துக்கொண்டன. ஆனால் வாசலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே ஒரு மேம்பாலம் இருந்தது. ஏறி இறங்க, ஓடினால்கூட, இரண்டு நிமிடம். படிகள் காகிதத்தில் இல்லை. அடுத்த ரயில் 7.25க்கு.

பஸ் ஓர் இலாகா, ரயில் வேறோர் இலாகா. யாரிடம் கேட்டாலும் மற்றவரைக் காட்டினார்கள். எழில்மேட்டுக்காரர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள்.

அந்த ரயிலின் கார்டு இருதயராஜ், ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தவர். 6.40க்கு முதல் விசிலை ஊதுவார். கடைசிக் கால் படியிறங்கும்வரை காத்திருப்பார். பிறகு இரண்டாவது. யாரும் அவரைக் கேட்டுக்கொண்டதில்லை. யாரும் வெளியே சொன்னதுமில்லை.

அப்போதுதான் போக்குவரத்தை மேம்படுத்தும் திட்டம் ஒன்று வந்தது. நஸ்ரின் என்ற இளம் பொறியாளர் மூன்று நாள் படியடியில் நின்று, ரயிலை விட்டவர்களை எண்ண வேண்டும். மூன்று நாளில் மொத்தம் நூறு பேர் விட்டால் ரயில் நேரம் 6.45 ஆகும். இதுதான் விதி.

முதல் நாள் எண்ணி முடித்து அதே ரயிலில் ஏறி எங்கள் பெட்டியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கஸ்தூரி. ஆஸ்பத்திரி வார்டில் துப்புரவு வேலை, ஒப்பந்தக்காரரிடம். 7.45க்குள் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மாதத்தில் மூன்றாம் முறை தாமதமானால் வேலை இல்லை. அவள் நஸ்ரினின் படிவத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா சைபர் போட்டிருக்கே?"

"யாரும் வண்டியை விடலையே, அக்கா."

எதிர்ப் பலகையிலிருந்து ஒருத்தி சொன்னாள்: "எங்க முட்டியக் கேட்டு எழுது தாயி. அது கதை கதையாச் சொல்லும்."

பெட்டி சிரித்தது. நஸ்ரின் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினாள். "கார்டு நிறுத்துறாரு, எனக்குத் தெரியுது. அதை எழுதினா அவருக்கு மெமோ வரும். எழுதட்டுமா?"

"ஐயோ, வேணாம்" என்றாள் கஸ்தூரி.

கடைசி நிலையத்தில் இறங்கி கஸ்தூரி நேரே கார்டிடம் போனாள். நான் பின்னால் நின்றிருந்தேன்.

"அண்ணா, நாளைக்கும் மறுநாளும் நிக்காதீங்க. கரெக்டா எடுத்துடுங்க."

"அறுபது பேரும்மா. அவங்களைக் கேட்டியா?"

"கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. ரெண்டு நாள்தானே."

"உன் வேலை?"

"இந்த மாசம் ஒரு தடவைதான் லேட்டு. நான் பார்த்துக்கிறேன், நீங்க போங்க."

இரண்டாம் நாள் ஒரே விசில். வண்டி நகர்ந்தபோது படியில் அவர்கள் அப்படியே நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நிலையத்துக்கு அருகிலேயே வீடு உள்ள நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். நஸ்ரினின் கணக்கு: அறுபத்தொன்று.

மூன்றாம் நாளும் முதல் விசில் கேட்டது. அது ஓய்வதற்குள் இருதயராஜ் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஒன்றும் இரண்டும் மூன்று. இன்று விட்டால் கஸ்தூரிக்கு வேலை போகும். அவள் அதைத் தெரிந்தேதான் கேட்டிருக்கிறாள். அவர் வண்டியை எடுக்கவில்லை.

எல்லோரும் ஓடி வந்து ஏறினார்கள். கஸ்தூரி மட்டும் கடைசிப் படியில் நின்றுகொண்டு கத்தினாள்: "எடுங்கண்ணா! எதுக்கு நிக்கிறீங்க, எடுங்க!"

"நீ ஏறாம எடுக்க மாட்டேன்."

ஏறினாள். அன்றைய கணக்கு சைபர். மூன்று நாளைக்கும் சேர்த்து அறுபத்தொன்று. நஸ்ரின் அதை அப்படியே எழுதிக் கொடுத்தாள். நேரம் மாறவில்லை.

கதை இவ்வளவுதான். கேட்காமலே அறுபது பேரின் காலையைப் பணயம் வைத்த கஸ்தூரி, ஒருத்தியின் வேலையைக் காக்க அறுபது பேரின் நேரத்தை விட்டுக்கொடுத்த இருதயராஜ், கண்டதை மட்டும் எழுதிய நஸ்ரின். இந்த மூவரில் யார் செய்தது சரி?

எனக்குத் தெரிந்த விடை இது. கஸ்தூரி. பிறர் இழப்பதற்குமேல் தானே இழக்கத் துணிந்தவள் அவள் ஒருத்திதான். அறுபது பேரைக் கேட்காதது தவறு. அந்தத் தவறுக்கும் தன் வேலையையே ஈடாக வைத்திருந்தாள். கார்டு அவளைக் காப்பாற்றினார், அவள் கேட்டதைக் கொடுக்கவில்லை. நஸ்ரின் பொய் எழுதவில்லை. ஆனால் பஸ்ஸிலிருந்து பிளாட்பாரத்துக்கு வர இரண்டு நிமிடம் ஆகிறது என்ற ஒரு வரியை, யாரையும் காட்டிக்கொடுக்காமல் எழுதியிருக்கலாம். விட்டவர்களுக்குத்தான் அவள் படிவத்தில் கட்டம் இருந்தது. ஓடியவர்களுக்கு இல்லை. இருதயராஜ் ஓய்வு பெற்றதும் புதிய கார்டு ஒரே விசிலோடு வண்டியை எடுத்தார். அந்த மாதமே கஸ்தூரி மூன்று முறை தாமதமானாள்; வேலை போயிற்று. ஆறு வருடம் கழித்து ரயில் நேரம் 6.45 ஆனது.