பாத்திரக்கடைக்காரர் பொறித்த முகவரி

கோயமுத்தூர் பீளமேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. அதில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள்; மூளையை மட்டும் யாரும் வேலைக்கு எடுக்கவில்லை.

மூவரில் மூத்தவர் பொன்னுரங்கம். திங்கட்கிழமை வாடிக்கையாளர் முன்னால், கம்ப்யூட்டரை நெட்வொர்க்கில் இணைக்கும் கார்டு ஒழுங்காக ஓடினால் அவருக்கு வேலை நிரந்தரம். சொதப்பினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பாவம், மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

முதலாளி நாச்சிமுத்து கல்யாண வீட்டிலிருந்து போனில் கத்தினார்: "ஒரு கார்டு கம்ப்யூட்டருக்குள்ள நாலு கார்டா வேஷம் போடோணும். நாலுக்கும், கார்டை ஓட்டற நம்ம டிரைவர் புரோகிராம்தான் முகவரி குடுக்கோணும். முகவரி இல்லாம ஒண்ணுகூட இருக்கப்படாது!"

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"நாலும் ஒரே பெட்டிக்குள்ளதானுங்க குடியிருக்கு?" என்றான் மயில்சாமி.

"அப்ப ஒரே முகவரி போதுமுங்க," என்றாள் தெய்வானை.

பொன்னுரங்கம் அப்படியே எழுதினார். ஒன்றுக்கு வந்த தகவலை நாலும் பிடித்து இழுத்தன. நெட்வொர்க் படுத்துவிட்டது.

"வேற வேற முகவரிய்யா!" என்று முதலாளி போனிலேயே தலையில் அடித்துக்கொண்டார். "கம்ப்யூட்டரே நம்பரைக் குலுக்கிப்போட்டு எடுக்கட்டும்."

குலுக்கியது. ஆனால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் மறுபடியும் குலுக்கியது. நேற்று பழகிய கார்டு இன்று புது ஆளாக வந்து நின்றால் நெட்வொர்க் உள்ளே விடுமா?

"ஒருக்கா குடுத்தது கரண்ட் போனாலும் மாறப்படாது! அழியாம எழுதி வைங்க!" என்று சொல்லிவிட்டு முதலாளி பந்திக்குப் போனார்.

"கரண்ட் போனாலும் அழியாததுன்னா எதுலீங்க எழுதறது?" என்றான் மயில்சாமி.

தெய்வானை நெடுநேரம் யோசித்தாள். "எங்கூட்டு எவர்சில்வர் குடத்துல எங்கம்மா பேரு வெட்டியிருக்குதுங்க. எத்தனையோ தடவை கரண்ட் போயிருக்குது. ஒரு எழுத்துகூட மாறலீங்க."

பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே பாத்திரக்கடைக்காரரைப் பேர் வெட்டும் மிஷினோடு கூட்டிவந்து, திரையில் தெரிந்த நாலு முகவரியையும் கம்ப்யூட்டர் பெட்டியின் தகரத்தில் வெட்டச் சொன்னார். பிறகு அணைத்து அணைத்துப் போட்டுத் தகரத்தைப் பார்த்தார்கள். மாறவே இல்லை. அன்றைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை வாடிக்கையாளர் வந்தார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"ஏனுங்க, பெட்டியில ஒண்ணு இருக்குது, திரையில வேற காட்டுதே?"

பொன்னுரங்கமும் குனிந்தார். பெட்டியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். மெல்ல முகம் மலர்ந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த பாத்திரக்கடைக்காரருக்குக் குரல் கொடுத்தார்.

"அண்ணே, மிஷினோட வாங்க! இதுலயும் வெட்டிருங்க!"

டர்ர்ர் என்று ஊசி திரையின் கண்ணாடியில் இறங்கியது. திரை ஒருமுறை மினுங்கி இருண்டது.

"பாத்தீங்களா சார்?" என்றார் பொன்னுரங்கம். "இனி ஆயுசுக்கும் மாறாதுங்க."