ருசி பார்த்த முந்நூறு எண்கள்

கரும்பாறையூர் பொறியியல் கல்லூரியில் நாலாயிரம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அத்தனை பேருக்கும் கம்பியில்லாமல் இணையம் கொடுக்க வைஃபை இலாகா என்று ஒன்று உண்டு. அதில் நாலு பேர். நாலு பேருமே அதற்கு முன்னால் ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் வாளி தூக்கியவர்கள்.

அது எப்படி என்று கேட்பீர்கள். கல்லூரி ஆண்டு விழாவன்று மாசானமும் அவருடைய ஆட்களான பிச்சையா, தளவாய், உச்சிமாகாளி மூன்று பேரும் ஆயிரம் பேருக்கு, ஒரு இலை விடாமல், நாற்பதே நிமிடத்தில் பரிமாறி முடித்ததைச் சேர்மன் பார்த்துவிட்டார். "ஆயிரம் பேருக்குச் சோறு போடுதவனுக்கு நாலாயிரம் பேருக்கு வைஃபை போடத் தெரியாதா?" என்றார். சேர்மன் சொன்ன பிறகு அப்பீல் ஏது? மறுநாளே நாலு பேர் கழுத்திலும் அடையாள அட்டை தொங்கியது.

மாசானத்துக்கு அந்த அட்டை மேல் உயிர். குளிக்கும்போது மட்டும் கழற்றி ஆணியில் மாட்டுவார். மாட்டிய அட்டையைப் பார்த்துக்கொண்டேதான் குளிப்பார்.

வேலையும் அவருக்குப் புரியாமல் இல்லை. கணினி அறையில் ஒரு பெட்டி இருக்கிறது. போனோ லேப்டாப்போ வைஃபைக்குள் வந்தால் பெட்டி அதற்கு ஒரு எண்ணைக் கொடுக்கும். அந்த எண்தான் அதன் அட்ரஸ். எண் கிடைத்தால் இணையம் வரும். கிடைக்காவிட்டால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "பந்தியில இலை கிடைச்சவனுக்குச் சோறு, கிடைக்காதவன் நிக்க வேண்டியதுதான்" என்று மாசானம் தம் ஆட்களுக்கு விளக்கினார். அவர் சொன்னது சரிதான். வில்லங்கமே அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, வெளியூர் கம்பெனி ஒன்று வேலைக்கு ஆள் எடுக்க ஆன்லைன் தேர்வு வைத்திருந்தது. புதிய தேர்வுக் கூடத்துக்கென்று பெட்டியில் முந்நூறு எண்களைத் தனியாக ஒதுக்கியிருந்தார்கள். எழுதப்போகிற பிள்ளைகள் இருநூற்று நாற்பது பேர். அவர்களில் ஒருத்தி மாசானத்தின் மகள் முப்பிடாதி.

காலை பத்து மணிக்கு ஒத்திகை பார்த்தார்கள். ஒரு லேப்டாப்புக்குக் கூட அட்ரஸ் கிடைக்கவில்லை. இருநூற்று நாற்பது திரையிலும் வட்டம் சுற்றியது.

பிரின்சிபால் கோமதிநாயகம் வந்து பார்த்தார். "மாசானம், ரெண்டு மணிக்கு ஒரு பிள்ளைக்கு நெட் வரலன்னாலும் நாலு பேரும் அட்டையைக் கழட்டி வச்சிட்டு மெஸ்ஸுல மாவாட்டப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாவாட்டுவது மாசானத்துக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் முப்பிடாதி இந்த ஒரு தேர்வுக்காக ஆறு மாதமாகப் படித்தவள். அப்பா பார்க்கிற வைஃபையாலேயே மகளுக்கு வேலை போனால் வீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சோறு கேட்பது?

பெட்டியை மாட்டிக் கொடுத்த கம்பெனியின் ரெஜினா மேடத்துக்குச் சென்னைக்குப் போன் போட்டார்.

"பதறாதீங்க சார்" என்றார் ரெஜினா. "முதல்ல பெட்டியை ஆஃப் பண்ணுங்க. பத்து நிமிஷம் யாரும் அதுல கை வைக்கக் கூடாது. அப்புறம் ஆன் பண்ணுங்க."

ஆஃப் செய்தார்கள். நாலு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நின்றார்கள். பத்து முடிந்ததும் பிச்சையாவுக்கு ஒரு விசாரம் வந்தது.

"அண்ணாச்சி, கை வைக்கக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்க. கை வைக்கலாம்னு அப்புறம் சொல்லவே இல்லையே?"

"ஆன் பண்ணச் சொன்னாங்கல்லா?"

"ஆன் பண்ணத்தான் சொன்னாங்க. கையால பண்ணச் சொல்லலையே."

மாசானம் யோசித்தார். பேச்சில் நியாயம் இருந்தது. நாலு பேரில் மூக்கு நீளமானவன் தளவாய் என்பதால் அவன் குனிந்து மூக்காலேயே பொத்தானை அமுக்கினான். பெட்டி உயிர் பெற்றது. தேர்வுக் கூடத்தில் வட்டங்கள் முன்னைப் போலவே சுற்றின.

மறுபடியும் போன். "அப்போ எண்ணெல்லாம் தீர்ந்து போயிருக்கும் சார்" என்றார் ரெஜினா. "ஒருத்தர் ஒரு தடவை எண் வாங்கினா எட்டு நாள் அவங்க பேர்லயே இருக்கும். வாங்கினவங்க திருப்பிக் கொடுத்தாதான் அடுத்தவங்களுக்குக் கிடைக்கும்."

இதைக் கேட்டதும் மாசானம் மைக்கைப் பிடித்தார். "மாணவச் செல்வங்களே! வைஃபை எண் வாங்கினவங்க எல்லாரும் பதினோரு மணிக்குள்ள கொண்டு வந்து ஒப்படைக்கணும்!"

பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன பொழுதுபோக்கு வேண்டும்? வகுப்பை விட்டுவிட்டு, போனில் இருந்த எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வரிசையில் வந்தார்கள். பிச்சையா ரசம் வைக்கிற அண்டாவில் சீட்டுகளை வாங்கிப் போட்டான். அண்டா நிறைந்ததும் தேர்வுக் கூடத்துக்குத் தூக்கிப் போய், கரண்டியால் அள்ளி ஒவ்வொரு மேஜையிலும் இரண்டிரண்டு சீட்டாகப் பரிமாறினான். கூச்சப்படாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று உபசாரம் வேறு செய்தான்.

முப்பிடாதி போன் செய்தாள். "எப்பா, மேஜையில சீட்டைப் போட்டுட்டுப் போயிருக்காங்க. இதை வச்சு நான் என்ன செய்ய?"

"பத்தலன்னா பிச்சையா மறுசோறு போடுவாம்மா" என்றார் மாசானம். மகள் பட்டென்று போனை வைத்துவிட்டாள். அவள் அழுதிருந்தால் கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மணி பன்னிரண்டரை. அண்டாக் கதையைக் கேட்ட ரெஜினா அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "நீங்க எதையும் செய்யாதீங்க சார். நானே இங்கேருந்து உள்ளே போய்ப் பார்க்கறேன்" என்றார். பார்த்தார்.

"சார், உங்க முந்நூறு எண்ணும் யார்கிட்டயோ இருக்கு. ருசி ஒண்ணு, ருசி ரெண்டுன்னு ருசி முந்நூறு வரைக்கும் பேர் வருது. யார் சார் இந்த ருசி?"

மாசானத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. "நாங்கதான் மேடம்!"

"நீங்கன்னா?"

"உப்பு பாக்காம பந்தியில வைக்க முடியுமா? நாளைக்குப் பிள்ளைகளுக்கு ஒரு எண் சரியில்லாமப் போயிட்டா யாரு பதில் சொல்ல? லேபுல சும்மா கிடந்த முந்நூறு டேப்லெட்டை எடுத்து, ருசின்னு பேரு வச்சு, பக்கத்து அறையில வரிசையா வச்சு, நேத்தே எல்லா எண்ணையும் ஒண்ணுவிடாம ருசி பாத்துட்டோம். முந்நூறும் நல்லாருக்கு. கெட்டுப் போகாம இன்னும் ஆன்லயேதான் வச்சிருக்கோம்."

ரெஜினா தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. "சார், அந்த முந்நூறையும் ஆஃப் பண்ணுங்க. ஒண்ணுகூட ஆன்ல இருக்கக் கூடாது. நல்லா பார்த்துக்கோங்க. பண்ணிட்டுச் சொல்லுங்க, நான் பட்டியலைக் காலி பண்றேன்."

ஓடினார்கள். முந்நூறு டேப்லெட்டையும் மாசானமும் தளவாயும் பிச்சையாவும் ஒவ்வொன்றாக ஆஃப் செய்துகொண்டே போனார்கள். நல்லா பார்த்துக்கொள்கிற பொறுப்பு உச்சிமாகாளிக்கு. அவன் எதையும் கண்ணால் பார்க்காமல் நம்புகிறவன் இல்லை.

ஒன்றரை மணிக்குக் கடைசி டேப்லெட்டை அணைத்துவிட்டு மாசானம் திரும்பினார். முதல் வரிசை முழுக்கப் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"ஏலே, என்னலே இது?"

"சரிபாக்கேன் அண்ணாச்சி" என்றான் உச்சிமாகாளி. "இது ஆஃப் ஆயிருக்கா, இல்ல சும்மா கருப்பா இருக்கான்னு எப்படித் தெரியும்? ஆன் பண்ணிப் பாத்தாத்தான தெரியும்? ஆன் ஆச்சுன்னா அதுவரைக்கும் ஆஃப்ல இருந்திருக்குன்னு அர்த்தம்."

"அது சரிதானே" என்றான் தளவாய்.

"சரிதான். ஆனா இப்போ ஆன்ல இருக்கே?" என்றான் பிச்சையா.

"அதனால மறுபடி ஆஃப் பண்ணுவோம்" என்றான் உச்சிமாகாளி.

"பண்ணிட்டு?"

"சரிபாப்போம்."

இப்படியே ஒரு சுற்று வந்தார்கள். இரண்டாவது சுற்றும் வந்தார்கள். மணி ஒன்று ஐம்பது. முப்பிடாதி மறுபடி கூப்பிட்டாள். "எப்பா, இன்னும் பத்து நிமிஷந்தான் இருக்கு. இன்னும் வட்டந்தான் சுத்துது" என்றாள்.

வைஃபை, பெட்டி, அட்ரஸ் எல்லாம் மாசானத்தின் தலையை விட்டு ஓடிப் போயின. மிஞ்சியது இருபது வருட மெஸ் பழக்கம் ஒன்றுதான். அடிவயிற்றிலிருந்து கத்தினார்:

"பந்தி முடிஞ்சுதுலே! இலையை எடுங்க!"

அந்தக் குரலைக் கேட்டால் மூன்று பேருக்கும் கை தானாக ஓடும். டேப்லெட்டுகளுக்கு எல்லாம் மடிக்கிற உறை இருந்தது வசதியாகப் போயிற்று. டப்டப்பென்று மடித்தார்கள், கூடையில் எறிந்தார்கள். நாலே நிமிடத்தில் முந்நூறு இலையும் எடுத்தாகிவிட்டது. கூடைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி, மெஸ்ஸுக்குப் பின்னால் இருக்கிற எச்சில் இலைக் குழியில் கொட்டினார்கள். வழக்கம்போல் மேலே நாலு குடம் தண்ணீரும் ஊற்றினார்கள். உச்சிமாகாளி கூட எதையும் சரிபார்க்கவில்லை. எச்சில் இலையை யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

"சார், முந்நூறும் போயிடுச்சு! சூப்பர்! இதோ பட்டியலைக் காலி பண்ணிட்டேன்" என்றார் ரெஜினா.

மணி ஒன்று ஐம்பத்தெட்டு. தேர்வுக் கூடத்தில் ஒரு வட்டம் நின்றது. பக்கத்தில் இன்னொன்று நின்றது. பிறகு இருநூற்று நாற்பதும் நின்றன. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற அப்பாவைப் பார்த்து முப்பிடாதி கட்டை விரலை உயர்த்தினாள். மாசானம் கழுத்து அட்டையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரமே முப்பிடாதிக்கு வேலை உத்தரவு வந்தது. பிரின்சிபால் நாலு பேரையும் கூப்பிட்டுக் கை கொடுத்தார். இனிமேல் தட்டுப்பாடே வரக் கூடாது என்று ரெஜினாவிடம் சொல்லி, தேர்வுக் கூடத்துக்கு முந்நூறு எண்ணை ஆயிரமாக உயர்த்தவும் செய்தார்.

அன்று சாயங்காலமே அவர் மேஜைக்கு ஒரு கடிதம் வந்தது.

"மதிப்பிற்குரிய ஐயா, எண்கள் ஆயிரம் ஆனதில் மகிழ்ச்சி. ருசி பார்க்க எங்களுக்கு ஆயிரம் புது டேப்லெட் உடனே தேவை. பழைய முந்நூறும் எச்சில் ஆகிவிட்டதால் குழியில் போட்டு, முறைப்படி தண்ணீர் ஊற்றிவிட்டோம். ஆகவே அவற்றைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம்."

கீழே மூன்று கையெழுத்துகள் இருந்தன. நாலாவது இடத்தில் ஒரு ஓட்டை. உச்சிமாகாளி போட்ட கையெழுத்து சரியாகப் பதிந்திருக்கிறதா என்று அழித்துப் பார்த்திருந்தான்.