நான்காவது காயம்

விடையை முடிச்சுப்போட்டு வைத்துக்கொண்டு கேட்பவர்கள் எழுந்து போகலாம். இது கேட்டுவிட்டுத் தவிக்கிறவர்களுக்கான கதை.

வேலூர்ப் பக்கம் கல்லேரிமேடு என்றோர் ஊர். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்த காலத்தில் அங்கே தந்தி என்றால் சாவு. தந்திக்காரர் தெருவில் நுழைந்ததுமே பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கிவிடுவார்கள். இங்கிலீஷ் தெரிந்த ஆளைத் தேடிப்பிடித்து உறையைப் பிரிப்பதெல்லாம் அப்புறம்தான். ஒருமுறை வந்த தந்தியில் லீவு ரத்து என்று மட்டுமே இருந்தது. அதைப் படித்துச் சொல்வதற்குள் அந்தச் சிப்பாயின் மனைவி மயங்கி விழுந்து, வயிற்றுப் பிள்ளை போய்விட்டது.

இந்தச் சேதியைக் கடிதத்தில் எழுதியவள் வேதவல்லி. அவளுக்கும் அப்போது எட்டாம் மாதம். படித்தவன் எல்லையில் இருந்த அவள் புருஷன் எத்திராஜுலு. எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

கடிதம் வந்த மூன்றாம் நாள் விடியலில், குண்டுச் சிதறல் எத்திராஜுலுவின் இடது காலைக் கிழித்தது. அவனை முதுகில் போட்டுக்கொண்டு, குண்டு விழுந்துகொண்டிருந்த கரும்புக் காட்டு வழியே இரண்டு மைல் நடந்தவன் உசிலம்பட்டிச் சின்னக்காளை. "அசையாமக் கெடப்பா. நீ செத்துப்போனா எனக்கு இடுப்புவலிதான் மிச்சம்" என்று வழியெல்லாம் வைதுகொண்டே வந்தான்.

கம்பெனி எழுத்தர் நாகர்கோவில் ஞானாபரணம். காயம்பட்டவர் பட்டியலில் பெயர் ஏறினால் அன்றைக்கே வீட்டுக்குத் தந்தி போகும். என் பெயர் மட்டும் வேண்டாம் என்று எத்திராஜுலு அவர் கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டு மயங்கிப்போனான். காயம் நான்கு என்று வயர்லெஸ்ஸில் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. நான்காவது பெயருக்கு எங்கே போவது? ஒரு கீறல்கூடப் படாத சின்னக்காளையின் பெயரை எழுதினார் எழுத்தர். அவனுக்கு முன்னும் பின்னும் யாரும் இல்லை, தந்தி வாங்க ஆளில்லை. அவனும் சிரித்துக்கொண்டே சரி என்றான்.

ஊருக்கு எழுதியது, லாரியிலிருந்து விழுந்ததாக. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. எத்திராஜுலு நொண்டிக்கொண்டு திரும்பி வந்து உண்மையைச் சொன்னபோது வேதவல்லி நம்பினாள். ஊர் நம்பவில்லை. சண்டையில் பட்ட காயம் என்றால் மெடல் எங்கே என்றது. லாரி எத்திராஜு என்று பெயர் வைத்தது. இறங்கத் தெரியாதவனுக்குத் துப்பாக்கி எதற்கு என்று பந்தியில் கேட்டது. பொடியன்கள் பின்னாலேயே "பாம், பாம்" என்று ஹாரன் அடித்தார்கள். அந்தப் பொடியன்களுக்குப் பேரன் பிறந்து, அவர்களும் அடித்தார்கள்.

எழுபத்தாறு வயதில் சர்க்கரை அந்தக் காலைப் பிடித்தது. திங்கட்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். பட்டாளப் பதிவைத் திருத்தச் சொல்லி எத்திராஜுலு போட்டிருந்த மனுவுக்கும் அப்போதுதான் பதில் வந்தது. தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது, பதிவேட்டில் தங்கள் காயம் காணப்படவில்லை, உடன் இருந்தவரின் வாக்குமூலத்தோடு சனிக்கிழமை நேரில் வந்து காயம்பட்ட காலைக் காட்டவும் என்று, துக்க வீட்டில் கணக்கெடுக்க வந்தவன் குரலில் எழுதியிருந்தது. உடன் இருந்தவர்களில் உயிரோடு இருந்தவர் ஞானாபரணம் ஒருவர்தான். சொல்லியனுப்பியதும் ரயிலேறி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

கட்டிலோரம் உட்கார்ந்து, எழுதிக்கொண்டு வந்த தாளைப் படித்தார். ஒன்று: காயம் பட்டது எத்திராஜுலுவுக்கு. இரண்டு: சின்னக்காளைக்குக் காயம் படவே இல்லை.

நான்காவது பெயர் யாருடையது என்பது எத்திராஜுலுவுக்கு அன்றுதான் தெரிந்தது. சின்னக்காளை செத்து ஐந்து வருஷம் ஆயிற்று. காயப் பதக்கம் அவன் படத்துக்குக் கீழே கண்ணாடிக்குள் இருக்கிறது என்றார் ஞானாபரணம். குடியரசு தினத்தன்று, சண்டைக்குப் பிறகு அவன் கட்டிக்கொண்ட மனைவி பேச்சியம்மாளைப் பள்ளிக்கூடத்தில் முதல் வரிசையில் உட்கார வைப்பார்களாம்.

இரண்டாவது வரியை அடித்துவிடச் சொல்லிக் கேட்டார் எத்திராஜுலு.

"லேய், காயம் நாலுதான். அஞ்சாக்க முடியாது. ஒருக்க பொய் எழுதிட்டேன். இனி பாதி உண்மை எழுதிட்டுச் சாக மாட்டேன், கேட்டியா."

அந்த அம்மாவிடமே போய், நடந்ததையெல்லாம் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்கலாம் என்றாள் வேதவல்லி. அவர் மனசு உடைந்துபோகும், அதெல்லாம் கூடாது என்று இரண்டு கிழவர்களும் சேர்ந்து சொன்னார்கள்.

"அன்னிக்கு எனக்காகன்னு மறைச்சீங்க. என்னைக் கேக்கல. இன்னிக்கு அவங்களுக்காகன்றீங்க. அவங்களையும் கேக்கமாட்டீங்க" என்றாள் அவள்.

எத்திராஜுலு தாளை வாங்கி நான்காகக் கிழித்தார். சனிக்கிழமை கட்டிலிலேயே கழிந்தது. திங்கட்கிழமை அந்தக் காலை எடுத்துவிட்டார்கள். உரிய சான்று அளிக்கப்படாமையால் மனு முடித்துவைக்கப்பட்டது என்று அடுத்த மாதம் கடிதம் வந்தது.

தன்னைச் சுமந்தவனின் மானத்துக்காகத் தன் காயத்தையே விட்டுக்கொடுத்த எத்திராஜுலு, முழு உண்மைக்குக் குறைந்து எழுதமாட்டேன் என்ற ஞானாபரணம், கேட்டுவிட்டு முடிவு செய்யச் சொன்ன வேதவல்லி. இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: வேதவல்லி சொன்னதுதான். ஞானாபரணம் முழு உண்மை என்றது இரண்டே வரி. சின்னக்காளை குண்டுமழையில் இரண்டு மைல் சுமந்து வந்தான் என்ற மூன்றாவது வரி அதில் இல்லை. பேச்சியம்மாள் எதிரில் போய் நின்றிருந்தால், அந்த வரியைச் சொல்லாமல் வாயே திறந்திருக்க முடியாது. படாத காயத்தின் பதக்கம் போயிருக்கும். செய்த வீரத்துக்கு ஒன்று கேட்க வழி பிறந்திருக்கும். தாளைக் கிழித்து நண்பனைக் காப்பாற்றிவிட்டதாக எத்திராஜுலு நினைத்தார். இப்போது பதிவேட்டின்படி எத்திராஜுலுவுக்குக் காயமே படவில்லை. காயம் படாதவனை யாரும் சுமந்திருக்க முடியாது.