பல் விழுந்த ஓரம்

சாமி படத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த மாத்திரை அட்டையை அருமைநாயகம் இரண்டு விரலால் உருவினார். தண்ணீர் கேட்டு உள்ளே வந்த ஆள் அலமாரியில் கை வைப்பதை வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை.

பாதி அட்டை. பின்புறம் நீல மையில் அறக்கட்டளையின் முத்திரை. வெட்டிய ஓரம் நேராக இல்லை. ரம்பம் போலப் பல் பல்லாக இருந்தது.

“இது ஏதும்மா?”

“மேல்கரையில இருந்து வந்துதுங்க,” என்றாள். யார் கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு மட்டும் அவளுக்குக் காது கேட்கவில்லை.

ஓடைக்குக் கீழ்கரையில் இந்த மாத்திரை இருக்கக் கூடாது. திருப்பூரின் அந்த மூலையில் நெஞ்சு நோயைக் குறைக்க, கோவையிலிருந்த அறக்கட்டளை ஒரு கிளினிக்கையும் பெண்கள் குழுவையும் கூட்டுச் சேர்த்து நிதி கொடுத்துவந்தது. அதுவும் மேல்கரைத் தெருக்களுக்கு மட்டும். வரைபடத்தில் ஓடை தெளிவாகத் தெரிந்ததால் அதையே எல்லையாக வைத்துவிட்டார்கள். குழுத் தலைவி ராஜாமணி ஆட்களை மாத முகாமுக்கு அழைத்து வருவாள். டாக்டர் ரேணுகாதேவி ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுப்பார். அழுத்தம் இறங்கியிருந்தால் அடுத்த ஆண்டும் நிதி உண்டு. இறங்கியிருந்தது. மேல்கரையில் ஒருவர் பாக்கியில்லாமல் இறங்கியிருந்தது. அது அறக்கட்டளை அலுவலகத்தில் உறுத்தியதால்தான் முகாம் இல்லாத நாளாகப் பார்த்து அருமைநாயகத்தை அனுப்பியிருந்தார்கள்.

அவருக்கு ராஜாமணிமேல்தான் சந்தேகம். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிற பெண். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நூல் பிசிறு நறுக்கும் குட்டிக் கத்தரி எந்நேரமும் கழுத்தில் கயிற்றோடு தொங்கியது. வெட்டி விற்கக் கருவியைத் தேடிப் போக வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ஓடையைத் தாண்டி நேராக அவள் வீட்டுக்கே போனார். அவள் இல்லை. கணவன் குமாரசாமி கட்டிலில் உட்கார்ந்து இடது கையை உதறிக்கொண்டிருந்தான். கொஞ்ச நாளாக மரத்துப் போகிறதாம், தையல் மெஷினில் உட்காருகிறவனுக்கு இதெல்லாம் சகஜமாம். அருமைநாயகம் பையிலிருந்த பிரஷர் மெஷினை எடுத்துக் கட்டினார். எண்ணைப் பார்த்துவிட்டு அவிழ்த்து மறுபடி கட்டினார். அதேதான். முகாம்தோறும் நல்ல எண் காட்டிய ஆளுக்கு இப்போது ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அழுத்தம்.

இன்று மாத்திரை போட்டாயா என்று கேட்டார்.

“இன்னிக்கு முகாம் இல்லீங்களே,” என்றான் குமாரசாமி.

அருமைநாயகத்துக்குப் புரியவில்லை. இவ்வளவு படித்தவருக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல் அவன் சிரித்தான். “கம்பெனில ஆடிட் வர்ற அன்னிக்கு மாஸ்க்கு, கையுறை எல்லாம் மாட்டிட்டு நிப்பமுங்க. அவிய காரு கெளம்புனதும் கழட்டிருவோம். அது மாதிரிதானுங்க. டாக்டரம்மாளே சொன்னாங்களே, வர்ற அன்னிக்கு மறக்காம போட்டுட்டு வாங்கன்னு. தெனமும் போடறதுக்கு எங்கீங்க பத்தும், குடுக்கறதே பாதி அட்டைதானுங்க.”

அவனை ஆட்டோவில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். பாதையோரக் கடையில் நின்ற ராஜாமணி பார்த்துவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தாள்.

டாக்டர் காயத்துக்கு வைக்கும் வலைத்துணியை நறுக்கிக்கொண்டிருந்தார். கையில் பெரிய கத்தரி. ஏற்றுமதிக்குச் சாம்பிள் துணி வெட்டுகிற, அலகில் பல் வைத்த வகை. பிசிறு வராது என்று குழுப் பெண்கள் கம்பெனியிலிருந்து வாங்கிக் கொடுத்தது. குமாரசாமியைப் பார்த்ததும் அதை மேசையில் போட்டுவிட்டு எழுந்தார். நாக்கடியில் ஒரு மாத்திரை வைத்தார், ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்.

ஆம்புலன்ஸ் வரும்வரை நின்ற நேரத்தில் அருமைநாயகம் குமாரசாமியின் ரத்த அழுத்த எண்ணை டாக்டரிடமும் ராஜாமணியிடமும் சொன்னார். பிறகு கீழ்கரையில் எடுத்த பாதி அட்டையை மேசையில் வைத்தார்.

ராஜாமணி அட்டையின் ஓரத்தைப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த பெரிய கத்தரியைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்த கணவனையும் ஒருமுறை பார்த்தாள்.

“நாந்தானுங் சார் வெட்டுனேன். டாக்டரம்மாளுக்கு ஒண்ணும் தெரியாது.”

டாக்டர் அதை மறுக்கவில்லை. சுவரைப் பார்த்து, கீழ்கரை ஆட்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றால் என்ன சொல்லி அனுப்புவது என்று மட்டும் கேட்டார். கேள்வி யாருக்கு என்று தெரியவில்லை.

அருமைநாயகம் மேசைமேல் கிடந்த கத்தரியையும் ராஜாமணியின் கழுத்தில் தொங்கியதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் அறிக்கையில் ராஜாமணியின் பெயரை எழுதினார்.

ஒருவர் இருப்பதை இரண்டு கரைக்கும் பங்கிட்டு வாய் மூடி நின்றார். ஒருத்தி செய்யாததைச் செய்தேன் என்றாள். ஒருவர் தெரிந்தே அதை எழுதிக்கொண்டார். கேட்பவர்களே, இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: பிசிறு நறுக்கும் கத்தரி நேராகத்தான் வெட்டும், பல் விழ வெட்டியது டாக்டர். அவர் பங்கிட்டதை மன்னிக்கலாம். குமாரசாமியின் பாதி கீழ்கரைக்குப் போவதை அவனிடம் சொல்லாமல், வருகிற அன்று போட்டுக்கொண்டு வா என்றாரே, அதை மன்னிக்க முடியாது. அருமைநாயகம் சந்தேகப்பட்டுக் கொண்டுவந்த பெயரையே எழுதித் திரும்பினார். ஓடையில் கோடு போட்டது தன் அலுவலகம் என்பதை எழுதவில்லை. டாக்டர் பெயர் வந்தால் கிளினிக்கை மூடுவார்கள், இரண்டு கரைக்கும் மாத்திரை இருக்காது. தன் பெயர் வந்தால் தன்னை மட்டும்தான் நீக்குவார்கள் என்று ராஜாமணி அந்த நொடியில் கணக்குப் போட்டாள். சரி அவள் பக்கம்தான், ஆனால் முழுச் சரி இல்லை. வெட்டுவது நிற்காதவரை அவள் சொன்ன பொய் இன்னொரு குமாரசாமியைப் படுக்க வைக்கும். ஆம்புலன்ஸ் வந்தது. டாக்டரும் அருமைநாயகமும் கட்டிலைப் பிடிக்கக் குனிந்தபோது, ராஜாமணி மேசையிலிருந்த பெரிய கத்தரியை எடுத்துத் தன் சோற்றுப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள்.