முற்றத்தில் இருந்தவர்கள்

ஒரு விடுகதை. ஐம்பது பேர் கண்ணெதிரே ஒன்று நடந்தது. பார்த்தவர் என்று ஒருவரும் இல்லை. அது எந்த இடம்? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

அரசர் போருக்குப் போயிருந்தார். கோட்டைச் சிறையில் வழக்குக் கேட்கும் வேலை அவருடைய மகள் பெருநங்கையின் தலையில் விழுந்தது. சின்னப் பெண். துணைக்கு அவளுடைய ஆசான் வந்தார்.

காரி என்ற கைதியை இழுத்து வந்து நிறுத்தினார்கள். அறுவடைக்கு முன் விடுதலையாக வேண்டியவன். அவன் உதடு கிழிந்திருந்தது.

“முற்றத்தில் என்னை அடித்தான், அம்மணி,” என்றான் காவல்தலைவன் கூற்றன். “இவனுக்கு விடுதலை கிடையாது என்று சொல்லிவிடுங்கள். இருட்டுக்குழியில் போட்டுவிடுகிறேன்.”

“நான் அடிக்கவில்லை, தாயே,” என்றான் காரி. “என்மேல் விழுந்த அடியைக் கையால் தடுத்தேன். முற்றத்தில் இருந்தவர்களைக் கேளுங்கள். ஐம்பது கைதிகள் பார்த்தார்கள்.”

கூற்றன் சிரித்தான். “அத்தனையும் திருட்டுக் கூட்டம். அவர்களா சாட்சி?”

“திருடாதவர் யார் இருந்தார் அங்கே?” என்று ஆசான் கேட்டார்.

“நான் இருந்தேனே, ஐயா.”

“அடிபட்டது?”

“நான்.”

“குற்றம் சொல்வது?”

“அதுவும் நான்தான்.”

“தண்டனை கொடுப்பது?”

“இதுவரை நானேதான். இன்றைக்கு அம்மணி வந்துவிட்டார்கள்.”

பெருநங்கை சாட்சிகளை அழைத்துவரச் சொன்னாள்.

முதலில் கைதிகளில் ஒருவரான குயவர் உலகன் வந்தார். கூற்றனை ஒருமுறை பார்த்தார். “எனக்குக் கண் மங்கல், தாயே. ஒன்றும் தெரியவில்லை.”

அடுத்தவன் அப்போது தூங்கிக்கொண்டிருந்தானாம். அதற்கடுத்தவன் வாயே திறக்கவில்லை. காரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“போன மழைக்காலத்தில் ஒருத்தன் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னான், அம்மணி,” என்றான் கூற்றன். “அவனையும் குழியில்தான் போட்டேன். காய்ச்சல் கண்டு அங்கேயே போய்ச் சேர்ந்தான்.”

பெருநங்கை ஆசான் பக்கம் சாய்ந்தாள். “நானும் கேட்டுவிட்டேன், ஐயா. யாருமே பார்க்கவில்லை என்கிறார்கள். அப்படியென்றால் காரி சொல்வது பொய்யா?”

ஆசான் கூற்றனைப் பார்த்தார். “இன்று இரவு இவர்களையெல்லாம் அறையில் வைத்துப் பூட்டுவது யார்?”

“நான்தான், ஐயா. என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?”



பெருநங்கை கூற்றனிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டாள். அவனை வெளியே போகச் சொன்னாள். உலகனை மறுபடியும் அழைத்தாள்.